கட்டளை போட்டால் படம் வந்துவிடுமா?

கனடாவின் டொரான்டோ நகரில் 'ஷை கிட்ஸ்' என்று ஒரு சின்னக் குழு. 2024 மார்ச்சில் வெளிவந்த அவர்களுடைய 'ஏர் ஹெட்' குறும்படம் ஒன்றரை நிமிடம்கூட ஓடாது. தலை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பலூனோடு நடமாடும் ஒருவன் தன் வாழ்க்கையைச் சொல்கிறான். காட்சிகள் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் 'சோரா' கருவியில் பிறந்தவை. படத்தோடு சேர்ந்து ஒரு நம்பிக்கையும் பரவியது: இனி கேமரா வேண்டாம், லொகேஷன் வேண்டாம், நாலு வரி தட்டினால் போதும். இன்னொரு பக்கம், சினிமாக் கலை இதோடு முடிந்தது என்ற அச்சமும் கிளம்பியது. இரண்டு பேச்சிலும் அந்தப் படம் எப்படி உருவானது என்ற விவரம் விடுபட்டுப்போனது. சினிமா கற்க வருகிறவர்களுக்கு அந்த விவரம்தான் இப்போது தேவை.

நம்பிக்கை: வேண்டியதை எழுதினால் வேண்டிய ஷாட் வரும்

'ஏர் ஹெட்' குழுவில் போஸ்ட் புரொடக்‌ஷனைக் கவனித்த பேட்ரிக் செடர்பெர்க், வேலை நடந்த விதத்தைப் பின்னர் ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார். கருவியிலிருந்து வாங்கிய காட்சிகளுக்கும் படத்தில் நின்ற காட்சிகளுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 300-க்கு 1 என்பது அவர் கணிப்பு. ஒரு ஷாட்டில் மஞ்சளாக இருந்த பலூன் அடுத்த ஷாட்டில் வேறு நிறத்தில் வரும். பலூன்மேல் திடீரென ஒரு முகம் முளைக்கும். கேட்காமலேயே கீழே நூல் தொங்கும். கேமரா எப்படி அசைய வேண்டும் என்று எழுதினால் அன்றைய சோராவுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அசைவைச் சில இடங்களில் எடிட்டிங்கில்தான் உண்டாக்கினார்கள். பல காட்சிகள் ஸ்லோ மோஷன்போல் வந்தன, அவற்றின் வேகத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று குறைந்த தெளிவில் வாங்கி, வேறொரு மென்பொருளில் பெரிதாக்கினார்கள். முகத்தையும் நூலையும் மனிதர்கள் உட்கார்ந்து அழித்தார்கள்.

அதன் பிறகு கருவிகள் வெகுதூரம் வந்துவிட்டன. ஒரு முகத்தையோ உடையையோ மாதிரிப் படமாகக் கொடுத்து, ஷாட்டுக்கு ஷாட் ஓரளவு மாறாமல் வைத்திருக்க இன்று முடிகிறது. ஆனால் வந்து குவிவதில் எது கதைக்கு வேண்டியது என்று பொறுக்கும் வேலை அப்படியே இருக்கிறது. எந்த ஷாட்டுக்குப் பின் எந்த ஷாட், எங்கே வெட்டுவது, எத்தனை நொடி நிறுத்துவது என்று தெரியாதவருக்கு 300 காட்சிகள் கையில் இருந்தும் பயனில்லை. 'ஏர் ஹெட்' குழு அதற்கு முன்பே படம் எடுத்துப் பழகிய குழு என்பதை மறந்துவிடக் கூடாது.

நம்பிக்கை: ஏஐ என்றால் இல்லாத காட்சியை உண்டாக்குவது

இந்த நம்பிக்கைதான் கற்க வருகிறவர்களை அதிகம் திசைதிருப்புகிறது. இதுவரை சினிமாவில் ஏஐ செய்த உருப்படியான வேலைகளில் பல, பார்வையாளர் கண்ணுக்கே படாதவை.

2023-ல் 7 ஆஸ்கர் விருதுகளை வென்ற 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தின் விஎஃப்எக்ஸ் வேலையைப் பெரும்பாலும் செய்தது ஐந்து பேர் கொண்ட ஒரு சிறு அணி. அதில் தாயும் மகளும் வெட்டவெளியில் இரண்டு பாறைகளாக உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று வரும். காற்றின் ஓசை மட்டும் கேட்க, வசனம் எழுத்தாகத் திரையில் ஓடும். மணலும் தூசியும் நகரும் அந்த ஷாட்டுகளில் பாறையைத் தனியாகப் பிரித்தெடுக்க, அணியில் இருந்த இவான் ஹாலெக் 'ரன்வே' என்ற ஏஐ கருவியைப் பயன்படுத்தினார். நாள்கணக்கில் இழுக்கும் வேலை நிமிடக்கணக்கில் முடிந்தது. பாறைகளைப் பேசவைக்கலாம், அதுவும் சத்தமே இல்லாமல் பேசவைக்கலாம் என்ற துணிச்சல் இயக்குநர்கள் டேனியல் குவான், டேனியல் ஷைனர்ட் இருவருடையது.

பிரித்தெடுக்கும் அந்த வேலைக்கு ரோட்டோ என்று பெயர். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். பத்து நொடி ஷாட் என்றால் 240 ஃபிரேம். ஒவ்வொன்றிலும் நடிகரின் உருவத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். சென்னையில் பலருக்கு இது அன்றாடப் பிழைப்பு. இன்று 'டாவின்சி ரிசால்வ்' போன்ற எடிட்டிங் மென்பொருளுக்குள்ளேயே, உருவத்தின் மீது ஒரு கோடு இழுத்தால் மற்ற ஃபிரேம்களில் கருவியே பின்தொடரும் வசதி இருக்கிறது. தோளும் முதுகும் சுலபமாக வரும். காற்றில் பறக்கும் முடி, விரல் இடுக்கு, முந்தானை நுனி ஆகிய இடங்களில்தான் விளிம்பு துடிக்கும். லேப்டாப் திரையில் தெரியாத துடிப்பு தியேட்டர் திரையில் பளிச்சென்று தெரியும். அதைக் கண்டுபிடிக்கும் கண், கையால் ரோட்டோ போட்டுப் பழகியவர்களிடம் இருக்கிறது. நுழைவுநிலை வேலைகள் சுருங்குமோ என்று அவர்கள் கவலைப்படுவது நியாயமானது. கருவியின் வேலையைச் சரிபார்க்கும் பொறுப்பையும் அதற்குரிய சம்பளத்தையும் அவர்களுக்கே கொடுப்பது தயாரிப்பாளர்கள் கையில் இருக்கிறது.

ஒலியிலும் இதே கதைதான். பீட்டில்ஸ் குழுவின் 'நவ் அண்ட் தென்' பாடல் 2023 நவம்பரில் வெளியானபோது, மறைந்த ஜான் லெனனின் குரலை ஏஐ போலியாகச் செய்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். உண்மையில் அது 1970-களின் பிற்பகுதியில் லெனன் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பதிந்த அவருடைய சொந்தக் குரல். 1990-களில் மற்ற மூவரும் அந்தப் பாடலை முடிக்க முயன்று கைவிட்டார்கள். குரலைப் பியானோவிலிருந்து பிரிக்க வழியில்லை. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் பீட்டில்ஸ் பற்றிய 'கெட் பேக்' ஆவணத் தொடருக்காக உருவாக்கிய ஒலிப் பிரிப்பு முறைதான் பின்னால் அதைச் சாத்தியமாக்கியது. நல்ல பேட்டி ஒன்று ஜெனரேட்டர் சத்தத்தில் மூழ்கிப்போகும் துயரம் தெரிந்த ஆவணப்பட இயக்குநர்களுக்கு, இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

நம்பிக்கை: ஏஐ தொட்டால் நடிப்பு பொய்யாகிவிடும்

'தி புரூட்டலிஸ்ட்' படத்துக்கு 2025 தொடக்கத்தில் இந்தச் சிக்கல் வந்தது. ஹங்கேரிய மொழி பேசும் இடங்களில் ஏட்ரியன் பிராடி, ஃபெலிசிட்டி ஜோன்ஸ் இருவரின் உச்சரிப்பும் 'ரெஸ்பீச்சர்' கருவியால் திருத்தப்பட்டது என்று எடிட்டர் டாவிட் யான்சோ சொன்னதும் கண்டனம் எழுந்தது. நடந்தது இதுதான்: நடிகர்கள் பயிற்சி எடுத்து ஹங்கேரியத்தில் பேசினார்கள். சில ஒலிகள் தாய்மொழிக்காரர் காதுக்கு ஒட்டவில்லை. மறுடப்பிங் முயன்றும் சரிவரவில்லை. ஹங்கேரியம் தாய்மொழியான யான்சோ தன் குரலையும் கருவிக்குக் கொடுத்து, அந்த ஒலிகளை மட்டும் நேர்செய்தார். ஆங்கில வசனங்களில் கைவைக்கவில்லை என்று இயக்குநர் பிராடி கார்பெட் விளக்கம் கொடுத்தார். ஏட்ரியன் பிராடிக்கே அந்த ஆண்டின் சிறந்த நடிகர் ஆஸ்கர் கிடைத்தது. ஏஐ பயன்படுத்தியது ஒரு படத்தின் பரிந்துரை வாய்ப்பைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது என்று அதன் பின் ஏப்ரலில் ஆஸ்கர் அமைப்பு தன் விதிகளில் சேர்த்தது.

தமிழில் இது இன்னும் நெருக்கமாக நடந்திருக்கிறது. 2024-ல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில், மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரலும் மறைந்த நடிகர் விஜயகாந்தின் உருவமும் ஏஐ மூலம் வந்தன. கேட்டு உருகியவர்களும் உண்டு, மனம் ஒப்பாதவர்களும் உண்டு. ரசனை ஆளுக்கு ஆள் மாறும். அனுமதி கட்டாயம் வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

நம்பிக்கை: முழுப் படத்தையும் ஏஐ வழிக்கு மாற்றினால்தான் லாபம்

அர்ஜென்டினாவின் 'எல் எடர்னாட்டா' தொடரில் புவனஸ் ஐரிஸ் நகரக் கட்டடம் ஒன்று இடிந்து விழும் காட்சி ஏஐ உதவியால் உருவானது. வழக்கமான முறையைவிட 10 மடங்கு வேகத்தில் முடிந்தது என்று நெட்ஃபிளிக்ஸ் தலைவர்களில் ஒருவரான டெட் சரண்டோஸ் 2025 ஜூலையில் சொன்னார். அது ஒரு காட்சிக்கான கணக்கு, தொடர் முழுவதற்கும் அல்ல.

புதிதாகக் கற்பவருக்கும் இந்த அளவே பொருந்தும். ஏற்கெனவே எடுத்து முடித்த ஒரு காட்சியில், நேரத்தைத் தின்னும் ஒரே ஒரு வேலையை மட்டும் கருவியிடம் கொடுக்கலாம். பேட்டியை எழுத்தாக்குவது நல்ல தொடக்கம். ஓப்பன்ஏஐ 2022-ல் இலவசமாக வெளியிட்ட 'விஸ்பர்' தமிழையும் எழுதும். மேடைத்தமிழில் சமாளிக்கும், இரண்டு பேர் சேர்ந்து பேசும் வட்டாரப் பேச்சில் தடுமாறும். 'வரல' என்பது 'வரலாம்' என்று பதிவானால் பேட்டி கொடுத்தவர் சொன்னதே தலைகீழாகிவிடும். எழுத்தை வைத்துக்கொண்டு இடத்தைத் தேடலாம். வெட்டும் முன் காதால் கேட்டாக வேண்டும். ஸ்டோரிபோர்டு இன்னொரு தொடக்கம். ஒளிப்பதிவாளரிடம் மனதில் இருப்பதைக் காட்ட ஒரு படம் போதும். அதை அவர் மாற்றட்டும் என்று கொடுத்தால்தான் அது உதவும். எந்த ஃபைலை எந்தக் கருவி தொட்டது என்று குறித்துவைக்கும் பழக்கத்தையும் முதல் நாளே தொடங்கிவிட வேண்டும்.

நம்பிக்கை: நான் எழுதிய கட்டளை, அதனால் வந்த காட்சி என் சொத்து

கட்டளை எழுதியது மட்டுமே பதிப்புரிமைக்குப் போதாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொன்னது. மனிதர் தேர்ந்து, அடுக்கி, மாற்றிச் செய்த பகுதிக்குப் பாதுகாப்பு கிடைக்கலாம். எந்த ஃபைலை எந்தக் கருவி தொட்டது என்று குறித்துவைத்த பட்டியல் அங்கே சாட்சியாகப் பயன்படும். ஏஐ எழுதியதைத் திரைக்கதையாக ஏற்க முடியாது, எழுத்தாளரை அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது என்ற நிபந்தனைகளை, 148 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வென்றெடுத்தார்கள்.

இந்தியாவில் நிலைமை இயக்குநருக்கு இன்னும் கடினம். 2013-ல் வந்த 'ராஞ்சனா' இந்திப் படத்தின் தமிழ் வடிவம் 'அம்பிகாபதி'. 2025 ஆகஸ்ட் 1 அன்று அது மீண்டும் திரைக்கு வந்தபோது, இறக்கும் நாயகன் ஏஐ உபயத்தில் பிழைத்துக்கொண்டான். இயக்குநர் ஆனந்த் எல்.ராயும் நாயகனாக நடித்த தனுஷும் கடுமையாக எதிர்த்தார்கள். உரிமை தன்னிடம் இருக்கிறது என்றது தயாரிப்பு நிறுவனம். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு திரைப்படத்தின் ஆசிரியராகத் தயாரிப்பாளரைத்தான் சொல்கிறது. ஆகவே முதல் படத்துக்குக் கையெழுத்துப் போடும் இயக்குநர், முடிவையோ நடிகரின் முகத்தையோ குரலையோ பின்னாளில் தன் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஏஐ கொண்டு மாற்றக் கூடாது என்ற பிரிவை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.