இன்னும் ஒரு மணி எடுத்துப் பார்ப்போமா?

ஒரு சிறு சோதனையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு ஜாடிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 100 மணிகள். முதல் ஜாடியில் 85 சிவப்பு மணிகளும் 15 நீல மணிகளும் இருக்கின்றன. இரண்டாவது ஜாடியில் இதற்கு நேர்மாறாக 85 நீலம், 15 சிவப்பு. ஒருவர் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு ஏதோ ஒரு ஜாடியைத் தேர்ந்தெடுக்கிறார். அதிலிருந்து பார்க்காமல் ஒரு மணியை எடுத்து உங்களுக்குக் காட்டுகிறார். பிறகு அதை அதே ஜாடியில் போட்டுக் குலுக்கிவிடுகிறார். நீங்கள் எத்தனை மணிகளை வேண்டுமானாலும் கேட்கலாம். ஐயம் தீர்ந்தது என்று தோன்றும்போது, அது எந்த ஜாடி என்று சொல்ல வேண்டும்.

முதல் மணி சிவப்பு. உடனே விடை சொல்லிவிடுவீர்களா, இன்னொரு மணி கேட்பீர்களா?

விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தக் கேள்வி, ஒரு கடுமையான மனநோயைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகளுக்கு உதவியிருக்கிறது. எப்படி என்று காண்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

இதே ஆட்டத்தை 200 முறை ஆடுவதாக வைத்துக்கொள்வோம். 100 முறை முதல் ஜாடி, 100 முறை இரண்டாவது ஜாடி. முதல் மணி சிவப்பாக வருவது முதல் ஜாடியில் 85 முறை. இரண்டாவதில் 15 முறை. ஆக மொத்தம் 100 சிவப்பு மணிகளில் 85 முதல் ஜாடியைச் சேர்ந்தவை. எனவே ஒரே மணியைப் பார்த்து 'முதல் ஜாடி' என்று சொல்பவர் சரியாக இருக்கும் வாய்ப்பு 85 விழுக்காடு. இரண்டாவது மணியும் சிவப்பானால் அது 97 விழுக்காடாகிறது. மூன்றாவதும் சிவப்பானால் 99-ஐத் தாண்டிவிடும். சான்று சேரச் சேர நம்பிக்கை எவ்வளவு உயர வேண்டும் என்பதைக் கணக்கிடும் இம்முறை, தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியாரின் பெயரால் வழங்குகிறது. அவர் இறந்த பிறகு, 1763ஆம் ஆண்டில் அவருடைய கட்டுரை வெளியாயிற்று.

இப்போது ஜாடிகளை மாற்றுவோம். 85க்கு 15 என்பதற்குப் பதில் 60க்கு 40. இங்கே அடுத்தடுத்து இரண்டு சிவப்பு வந்தாலும் வாய்ப்பு 69 விழுக்காடுதான். 95 விழுக்காட்டைத் தாண்ட வேண்டுமானால் தொடர்ந்து எட்டுச் சிவப்பு மணிகள் வர வேண்டும்! ஒவ்வொரு சான்றும் வலுவாக இருந்தால் சில சான்றுகள் போதும். வலுவற்றவையாக இருந்தால் பல வேண்டும். இதுவே இக்கணக்கின் சாரம்.

லண்டனில் நடந்த ஆய்வு

1966ஆம் ஆண்டில் லாரன்ஸ் பிலிப்ஸ், வார்டு எட்வர்ட்ஸ் என்ற இருவர் இத்தகைய சோதனை ஒன்றைச் செய்தனர். கணக்கு அனுமதிக்கும் அளவைவிட மெதுவாகவே மக்கள் தங்கள் நம்பிக்கையை உயர்த்துகிறார்கள் என்று கண்டனர். நாம் பொதுவாகச் சற்றுத் தயங்குகிறவர்கள்.

1988ஆம் ஆண்டில் லண்டனில் ஹக், கேரட்டி, ஹெம்ஸ்லி என்ற மூவர் மணிச் சோதனையை 'சைக்கோசிஸ்' என்னும் நோய்நிலையில் இருந்தவர்களிடம் செய்து பார்த்தனர். வெளியே உண்மையில் நடப்பது எது, தன் மனம் படைத்துக்கொண்டது எது என்று பிரித்தறியும் ஆற்றல் குலைந்துபோவதே சைக்கோசிஸ். யாரும் இல்லாதபோது குரல் கேட்கலாம். 'என்னை யாரோ பின்தொடர்கிறார்கள்' என்பது போன்ற நம்பிக்கை, எவ்வளவு மறுப்பு வந்தாலும் அசையாமல் வேரூன்றலாம். இதை மாயநம்பிக்கை எனலாம்.

மாயநம்பிக்கை கொண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மணிகளைக் கேட்டே முடிவு சொன்னார்கள். பின்னர் நடந்த பல ஆய்வுகளிலும், இத்தகையோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓரிரு மணிகளிலேயே முடிவுக்கு வந்துவிட்டனர்.

இங்கே நீங்கள் ஒரு நல்ல கேள்வி கேட்கலாம். இரண்டு சிவப்பு மணிகளே 97 விழுக்காடு உறுதி தருகின்றனவே, இதில் தவறு எங்கே? 85க்கு 15 ஜாடியில் பெரிய தவறு இல்லைதான். ஆனால் 60க்கு 40 ஜாடிகளைக் கொடுத்தபோது, அவர்களும் கூடுதல் மணிகளைக் கேட்டார்கள். எனினும் மற்றவர்கள் நிறுத்திய இடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். குறை கணக்கில் இல்லை; 'போதும்' என்று நிறுத்தும் இடத்தில் இருந்தது.

நம் அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் 60க்கு 40 ஜாடிதான். கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத நண்பனுக்குக் கோபமாக இருக்கலாம். காதில் விழாமலும் இருக்கலாம். தெருவில் இருவர் சிரிப்பது முதல் மணி. நாம் பார்த்த அதே நேரத்தில் எதிர்வீட்டு விளக்கு அணைவது இரண்டாவது மணி. 'எனக்கு எதிராகச் சதி நடக்கிறது' என்று அங்கேயே ஜாடியை மூடிவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவதாக நீல மணி வந்தால் நம் நம்பிக்கை ஒருபடி கீழே இறங்க வேண்டும் என்கிறது கணக்கு. மூடிய ஜாடியிலிருந்து அந்த நீல மணி வருவதே இல்லை.

அவசர முடிவு வேண்டாம்

இதைப் படித்துவிட்டு, அவசரப்படுகிறவர்கள் எல்லாருக்கும் இந்நோய் வரும் என்று முடிவு கட்டினால், அதுவே ஒரு மணியைப் பார்த்து ஜாடியைச் சொல்வதாகும்! நோயற்றவர்களிலும் ஒரு பகுதியினர் ஓரிரு மணிகளில் முடிவு சொல்கின்றனர். நோயாளிகளில் பலர் பொறுமையாகக் கேட்கின்றனர். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து, 2021ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இவ்வவசரத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பில் பெரும்பங்கைப் பொதுவான அறிதிறன் வேறுபாடே விளக்குகிறது என்று காட்டியது. பரம்பரை, கஞ்சா போன்ற போதைப்பொருள்கள், இளமையில் பட்ட கொடுமைகள் எனக் காரணங்கள் பல. அவசரச் சிந்தனை அவற்றுடன் சேரக்கூடிய ஓர் இழை மட்டுமே.

ஆயினும் இக்கண்டுபிடிப்பு வீண்போகவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்டெஃபன் மோரிட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு பயிற்சியை உருவாக்கினர. அதில் ஒரு படம் கோடு கோடாக வளர்ந்துகொண்டே வரும். 'இது என்ன?' என்று கேட்பார்கள். முதல் சில கோடுகளில் ஒன்றாகத் தெரிந்தது, முழுப்படத்தில் வேறொன்றாக முடியும். முடிவைத் தள்ளிப்போடுவதன் பயனை நோயாளி தானே கண்டுகொள்கிறார். மருந்துக்கு இது மாற்று அன்று; துணை.

நமக்கு இதில் என்ன?

இந்நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. அதாவது உங்கள் வயதையொட்டி. வகுப்புத் தோழர் ஒருவர் திடீரென ஒதுங்கிப்போய், தூக்கம் கெட்டு, எல்லாரும் தன்னையே கவனிப்பதாக அஞ்சினால் கேலி செய்யாதீர்கள். வாதாடி வெல்லவும் முயலாதீர்கள். அவருடைய பயம் அவருக்கு உண்மை. அதைக் காதுகொடுத்துக் கேட்டு, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். விரைவில் சிகிச்சை தொடங்கினால் குணம் காணும் வாய்ப்பு அதிகம். இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

செய்து பாருங்கள்

இரு டப்பாக்களும் இரு நிறப் பொத்தான்களும் போதும். 85க்கு 15, 60க்கு 40 என இரண்டு விதமாகவும் நண்பர்களுடன் ஆடி, ஒவ்வொருவரும் எத்தனையாவது பொத்தானில் விடை சொன்னார்கள், எத்தனை முறை தவறினார்கள் என்று பட்டியலிடுங்கள். இது யாருடைய மனநலத்தையும் அளக்கும் கருவி அன்று என்பதை மறக்க வேண்டாம். 60க்கு 40 ஜாடியில் சிவப்பு, சிவப்பு, நீலம் என்று வந்தால் முதல் ஜாடிக்கான வாய்ப்பு எத்தனை விழுக்காடு? காகிதத்தில் போட்டுப் பாருங்கள். (விடை: 60)