சிரிப்பு யாருக்கு? - மாப்பசானின் ஒரு ரயில் கதை

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு சிறுகதைத் தொகுதியையும் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். இரண்டு இரவுப் பயணத்தில் வேறென்ன செய்வது? அப்படிப் பல ஆண்டுகளுக்கு முன் படித்துச் சிரித்த கதை ஒன்றை, கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு அண்மையில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு என்ன நினைச்சான்னு கதையில வருதாப்பா?" என்று மட்டும் கேட்டாள். பதில் தெரியாமல் மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த மறுவாசிப்பை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பிரெஞ்சுச் சிறுகதை மன்னர் மாப்பசான் (1850-1893) சுமார் முந்நூறு சிறுகதைகள் எழுதியவர். 'அந்தப் பன்றி மொரேன்' என்னும் பொருள்படும் தலைப்புடைய இக்கதை 1882-ல் பத்திரிகையில் வந்து, மறு ஆண்டு தொகுதியில் சேர்ந்தது.

கதை இதுதான். மொரேன், லா ரொஷேல் என்ற கடற்கரை நகரில் நூல், ரிப்பன், பொத்தான் விற்கும் கடைக்காரர், மணமானவர். சரக்கு வாங்கப் பாரிஸ் போய்விட்டு இரவு ரயிலில் திரும்புகிறார். அதே பெட்டியில் ஓர் இளம்பெண், ஆன்ரியேத். ஆசிரியைத் தேர்வில் தேறி, விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போகிறாள். பொழுது விடிகிறது. கண் விழித்தவள் எதிரில் இருப்பவரைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். அதை அழைப்பென்று எண்ணிய மொரேன் பாய்ந்து முத்தமிடுகிறார். அவள் கதவைத் திறந்து அலறுகிறாள். ரயில் நிற்கிறது. மொரேன் கைதாகிறார்.

வழக்கைத் திரும்பப் பெறவைக்க, உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் லபார்ப் நண்பர் ஒருவருடன் அந்த மாமாவின் ஊருக்குத் தூது போகிறார். கதையை நமக்குச் சொல்பவரும் இவரே. தூது போனவர் செய்ததென்ன? தோட்டத்தில் அவளைத் தனியே சந்தித்து, தானும் முத்தமிடுகிறார். நெடுநாளாக அவளைக் காதலிப்பதாகப் பொய் சொல்கிறார். இரவில், படிக்கப் புத்தகம் வேண்டும் என்ற சாக்கில் அவள் அறைக்குள் நுழைகிறார். அவள் திமிறியதையும் அவரே வேடிக்கைபோலச் சொல்லிக் கடந்துவிடுகிறார்.

இங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது. இருவரும் செய்தது ஒன்றே. இரண்டாமவர் இன்னும் துணிந்துவிட்டார். ஆனால் முதலாமவருக்கு ஊர் கொடுத்த பட்டம் 'பன்றி'. பன்றி இறைச்சி உண்ணும்போதெல்லாம் 'இது உன்னுடையதா?' என்று அவரைக் கேலி செய்தார்கள். இரண்டாண்டில் இறந்தும் போனார். இரண்டாமவர் நாடாளுமன்ற உறுப்பினரானார்! வேற்றுமை எங்கே? மொரேன் அசட்டுக் கடைக்காரர். லபார்ப்புக்கு அழகும் பேச்சும் பத்திரிகையும் இருந்தன. ஊர் தண்டித்தது குற்றத்தையல்ல, அசட்டுத்தனத்தை.

இனி என் மகளின் கேள்வி. ஆன்ரியேத் சிரித்தாள், விளையாட்டாகப் பேசினாள், இறுதியில் இணங்கினாள் என்றெல்லாம் நமக்குச் சொல்வது யார்? லபார்ப். அவள் தரப்பைச் சொல்லக் கதையில் ஒருவரும் இல்லை. புன்னகையை அழைப்பென்று படித்த மொரேனை நகைக்கும் நாம், லபார்ப்பின் வாக்குமூலத்தை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம். முதல் வாசிப்பில் நான் சறுக்கிய இடம் அதுவே.

பல ஆண்டுகள் கழித்து, 1875-ல், தேர்தலுக்கு ஆதரவு தேடிச் செல்லும் லபார்ப், ஒரு நோட்டரியின் மனைவியாக ஆன்ரியேத்தைச் சந்திக்கிறார். கணவரோ, அந்த மொரேன் விவகாரத்தில் பண்போடு நடந்துகொண்டீர்களாமே என்று நன்றி சொல்கிறார்! 'பன்றி' என்ற சொல்லை உச்சரிக்கத்தான் அவருக்குக் கூச்சம். மாப்பசான் நீதி எதுவும் சொல்லாமல் அங்கே நிறுத்திவிடுகிறார்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "போன வருஷம் ஊருக்குப் போனப்ப, சாயங்காலமே மேல் பெர்த்துக்கு ஏறிட்டேனே, ஞாபகம் இருக்காப்பா? தூக்கம் வந்து ஏறலை. எதிர் சீட்டு ஆளோட பார்வை தாங்கலை" என்றாள். நானும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கையில் புத்தகத்தோடு.

பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவது நம் நாட்டில் 2013-ல் தனிக் குற்றமாகச் சட்டத்தில் சேர்ந்தது. ரயிலில் உதவிக்கு 139 இருக்கிறது. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால், சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை வீட்டில் இருக்க வேண்டும்.

அன்பர்கள் இக்கதையைத் தேடிப் படித்து, பிள்ளைகளோடு பேச மூன்று கேள்விகள்:

1. லபார்ப்புக்கு ஊர் ஏன் பட்டம் கொடுக்கவில்லை?
2. ஆன்ரியேத் கணவரிடம் முழு உண்மையையும் ஏன் சொல்லவில்லை?
3. இதே கதையை அவள் சொல்லியிருந்தால் அதற்கு என்ன தலைப்பு வைத்திருப்பாள்?