எதற்கு எது காத்திருக்கிறது?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

திட்டமிடுதல் என்றதும் அணைக்கட்டுகளும் ஆலைகளும் விண்கலங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நான்கு மாணவர்கள் சேர்ந்து பதினைந்து நாட்களில் ஒரு பெட்டியைச் செய்து முடிப்பதற்கும் திட்டம் வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். அந்த அனுபவத்தையும், அதில் கற்ற பாடத்தையும் மாணவ நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் குழு சூரிய அடுப்பு செய்வதாகப் பெயர் கொடுத்தது. நானே குழுத் தலைவன். ஒரு மரப்பெட்டி, அதனுள் கறுப்பு வண்ணம் பூசிய தகரத் தட்டு, இரண்டுக்கும் இடையே வெப்பம் வெளியேறாமல் காக்க உமி, மேலே கண்ணாடி மூடி. கண்ணாடி வழியே புகும் வெயில் கறுப்புத் தட்டைச் சூடாக்கும். அந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. தத்துவம் எளியது. 15 நாள் அவகாசமும் இருந்தது.

செய்ய வேண்டியவற்றை வரிசையாக நோட்டில் எழுதினேன். அதுவே திட்டம் என்று எண்ணிக்கொண்டேன். முதலில் எளிதான வேலையை எடுத்துக்கொண்டோம். விளக்க அட்டைகளை வண்ண வண்ணமாக எழுதுவதில் 5 நாட்கள் போயின. ஆறாம் நாள்தான் தச்சரிடம் அளவு கொடுத்தோம். அது முகூர்த்த மாதம். அவருக்குக் கட்டில் வேலை மிகுதி. நான்கு நாளில் தருவதாகச் சொன்ன பெட்டி ஆறு நாளில் வந்தது. பெட்டி வந்த பிறகே மூடிக்குக் கண்ணாடி வெட்ட முடிந்தது. தகரத் தட்டு சிறிய வேலைதானே என்று கிடப்பில் போட்டிருந்தோம். அதற்கு வண்ணம் பூசியது பதினான்காம் நாள் மாலை. பதினைந்தாம் நாள் எல்லாவற்றையும் பொருத்தினோம். சோதித்துப் பார்க்க ஒரு நாளும் மிஞ்சவில்லை.

கண்காட்சி அன்று, கொத்தனாரான என் தந்தை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு முதன்முறையாகக் கல்லூரிக்குள் வந்தார். பதினொரு மணிக்கு அரிசியும் நீரும் உள்ளே வைத்தோம். காயாத வண்ணத்திலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியின் உட்புறம் படிந்து மூடியை மங்கச் செய்துவிட்டது. இரண்டு மணிக்குத் திறந்தபோது அரிசி ஊறியிருந்ததே தவிர வேகவில்லை. எங்கள் அட்டைகளை எல்லோரும் பாராட்டினார்கள். அடுப்பைப் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை.

இரவு வீட்டில் தந்தை ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்ப்பா, எதுக்கு எது காத்துக் கெடக்குதுன்னு மொதல்ல பாக்கலையா?"

அவர் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவரல்லர். ஆனால் கடைக்கால் தோண்டும் நாளிலேயே கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் தச்சரிடம் சொல்லிவிடும்படி வீட்டுக்காரரை வற்புறுத்துவார். சுவர் எழும்போது நிலை வந்து நிற்காவிட்டால் லிண்டல் போட முடியாது. லிண்டல் இல்லாமல் மேலே போக முடியாது. தளம் போட்டபின் பலகை பிரிக்க இரண்டு வாரமாவது பொறுப்பார். அந்நாட்களில் ஆட்களைச் சும்மா வைத்திராமல் வெளிச்சுவர் பூச்சைத் தொடங்கிவிடுவார். கான்கிரீட்டை அவசரப்படுத்த முடியாது என்பதும், காத்திருக்கும் நாளை வீணாக்கக் கூடாது என்பதும் அவருக்கு மனப்பாடம்.

மறுநாள் அவர் கேள்வியை வைத்தே என் பட்டியலைத் திருத்தி எழுதினேன்:

1. அளவுகளை முடிவு செய்தல் – 1 நாள்
2. மரப்பெட்டி – 4 நாள் (1 முடிந்த பின்)
3. கண்ணாடி மூடி – 2 நாள் (2 முடிந்த பின்)
4. தகரத் தட்டு – 2 நாள் (1 முடிந்த பின்)
5. வண்ணம் பூசிக் காயவிடுதல் – 3 நாள் (4 முடிந்த பின்)
6. உமி நிரப்பிப் பொருத்துதல் – 1 நாள் (3, 5 முடிந்த பின்)
7. வெயிலில் சோதித்தல் – 3 நாள் (6 முடிந்த பின்)
8. விளக்க அட்டைகள் – 2 நாள் (1 முடிந்த பின்)

எல்லாவற்றையும் கூட்டினால் 18 நாள். ஆனால் ஒன்றுக்கொன்று காத்திராத வேலைகளை ஒரே சமயத்தில் செய்யலாம். பெட்டி வழியே சென்றால் 1+4+2+1+3 = 11 நாள். தட்டு வழியே சென்றால் 1+2+3+1+3 = 10 நாள். ஆக மிக நீண்ட வழியான 11 நாளே இந்த வேலைக்குத் தேவையான காலம். அவ்வழியில் ஒரு நாள் தவறினால் முழு வேலையும் ஒரு நாள் தள்ளிப்போகும். தட்டுக்கு 1 நாள் தாமதம் தாங்கும். அட்டைகளுக்கோ 8 நாள் தாங்கும். அந்த அட்டைகளைத்தான் நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டோம்! முதல் நாளே அளவு கொடுத்திருந்தால், தச்சர் 2 நாள் தாமதித்த போதிலும் 13 நாளில் சோதனை உட்பட எல்லாம் முடிந்திருக்கும்.

இந்த நீண்ட வழிக்குக் 'கிரிட்டிகல் பாத்' என்று பெயர். நெருக்கடிப் பாதை எனலாம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் இரசாயன நிறுவனத்தில் இம்முறை உருவாயிற்று. அதே காலத்தில் அந்நாட்டுக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக 'பெர்ட்' என்னும் ஒத்த முறையை வகுத்தது.

நெருக்கடிப் பாதையை அறிவதோடு அதைச் சுருக்கவும் வழி தேட வேண்டும். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் பெரிதும் சிதைந்தது. சீரமைக்க ஆறு மாதம் குறிக்கப்பட்டு, பின் மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். புதிய இரும்பு உத்தரங்கள் வரும்வரை காத்திராமல், கடலில் விழுந்து கிடந்தவற்றையே மீட்டு மீண்டும் பொருத்தியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மிக நீண்ட காத்திருப்பு எதுவோ, அதையே அவர்கள் நீக்கினார்கள்.

நான் கற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அது எதற்குக் காத்திருக்கிறது என்று எழுதுங்கள். பிறர் கையில் உள்ள வேலையை முதலில் தொடங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் எவரும் பார்ப்பதில்லை. சோதனைக்கான நாட்களைக் கடன் கொடுக்காதீர்கள். தினமும் மாலையில் ஐந்து நிமிடம் பட்டியலைப் பாருங்கள்.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. தேர்வுக்காகப் படித்தபோது அவை எனக்குத் தலைப்புகளாகவே இருந்தன. ஒரு வேலையைத் தொடங்குமுன் கேட்கவேண்டிய கேள்விகளாக இப்போது தெரிகின்றன.

விடுமுறையில் அதே பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வண்ணம் நன்றாகக் காய்ந்திருந்தது. முதல் நாள் சோதனையில் சூடு போதவில்லை; மூடியருகே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, கூடுதல் வெயிலை உள்ளே திருப்பினேன். மூன்றாம் நாள் சோறு வெந்தது. தந்தை வேலையிலிருந்து திரும்பியதும் அதைத்தான் அவருக்குப் பரிமாறினோம்.