ஆங்கில இலக்கியம் எடுத்த பிள்ளைகளுக்கு

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். 'இங்கிலீஷ் நல்லா பேச வரும்' என்று சொல்லித்தான் பல வீடுகளில் இந்தப் படிப்பில் சேர்த்துவிடுகிறார்கள். பேச வரும்தான். ஆனால் அதற்கு மட்டும் மூன்று வருடம் தேவையில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. வாய்விட்டுப் படியுங்கள். நான் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன். கல்லூரியில் முதல் வாரம் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார்கள். 'ஐலண்ட்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி 'இஸ்லாண்ட்' என்று வாசித்தேன். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் ஒன்றரை வருடம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்து ஒரு வழி, உச்சரிப்பு ஒரு வழி. தப்பாகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்று கைபேசி அகராதியே உச்சரித்துக் காட்டுகிறது. தினம் இரண்டு பக்கம், மொட்டை மாடியில் நின்று சத்தமாக வாசியுங்கள்.

2. கைடைக் கடைசியில் திறவுங்கள். முதலில் மூலம், கையில் பென்சில். முதல் தடவை புரியாத இடத்தில் கோடு. இரண்டாம் தடவை அகராதி. மூன்றாம் தடவை ஓரத்தில் உங்கள் கேள்வி. பிறகு கைடைப் பிரித்தால் அதில் எங்கெங்கே தப்பு என்பதும் உங்களுக்கே தெரியும். புத்தகம் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். 1971இல் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் ஷேக்ஸ்பியர், ஜேன் ஆஸ்டின், டிக்கன்ஸ் எல்லாம் இலவசம். சென்னையில் கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மதுரைப் பிள்ளைகளுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

3. பள்ளியில் மனப்பாடம் செய்ததை மறுபடி எடுங்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையையே எடுத்துக்கொள்வோம். 1802 ஏப்ரல் 15 அன்று, இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோரமாக அவரும் தங்கை டோரதியும் நடந்து போனார்கள். அன்று பார்த்த பூக்களை டோரதி தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லின்மேல் தலைசாய்த்திருந்ததைக்கூட அவர் விடவில்லை. அண்ணன் கவிதையாக எழுதியது இரண்டு வருடம் கழித்து. அச்சில் வந்தது 1807இல். அந்தக் கவிதையில் தங்கை இல்லை. கவிஞர் தன்னந்தனியாகத் திரிகிறார். அதில் இரண்டு வரி தன் மனைவி மேரி தந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1815 பதிப்பில் ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்தார். முதல் பத்தியில் 'ஆடுகின்ற' பூக்கள் 'பொன்னிற'ப் பூக்களாயின. நாட்குறிப்பையும் இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சாயங்காலம் உட்காருங்கள். கூட நடந்தவளை ஏன் எடுத்தார்? தனிமை வந்ததும் கவிதைக்கு என்ன கிடைத்தது? அந்த ஒரு சொல்லை ஏன் மாற்றினார்? எனக்குத் தெரிந்தவரை, எழுத்து எப்படி உருவாகிறது என்று காட்ட இதைவிட நல்ல பாடம் முதலாமாண்டில் கிடையாது.

4. நாடகத்தைக் கூடி உட்கார்ந்து வாசியுங்கள். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மக்பெத்தான் ஆகச் சிறியது. ஐந்தாறு பேர் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டால் இரண்டு மூன்று சாயங்காலத்தில் முடித்துவிடலாம். முடித்த கையோடு அகிரா குரோசாவா 1957இல் எடுத்த 'த்ரோன் ஆஃப் பிளட்', விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' (2003), திலீஷ் போத்தனின் மலையாளப் படம் 'ஜோஜி' (2021) என்று மக்பெத்தைத் தழுவிய மூன்றையும் பாருங்கள். குரோசாவா ஷேக்ஸ்பியரின் வசனத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. பனிமூட்டத்தையும் காட்டையும் வைத்தே பயத்தைக் கொண்டுவந்துவிட்டார். மக்பூலில் சூனியக்காரிகள் இரண்டு போலீஸ்காரர்களாகிவிட்டார்கள். ஜோஜியில் ராஜாவின் இடத்தில் இருப்பவர் தோட்ட முதலாளியான ஓர் அப்பா. எது போய் எது வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

5. சினிமாத் தாளில் கதை எழுதாதீர்கள். வருடாவருடம் நான் திருத்திய விடைத்தாள்களில் பாதிக்கு மேல் கதைச் சுருக்கம்தான். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில் ஓர் இடம். வெகுநாள் கழித்து வீடு திரும்பிய ஹரிஹர், வாங்கிவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறான். மகள் துர்காவுக்கு ஒரு சேலை. துர்கா இறந்துபோனது அவனுக்குத் தெரியாது. சர்பஜயா அந்தச் சேலையை வாங்கி வாயில் கடித்துக்கொண்டு உடைந்து போகிறாள். அவள் அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார்ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் உச்ச ஸ்தாயியில் அலறுகிறது. அழுகையை எடுத்துவிட்டு வாத்தியத்தை ஏன் வைத்தார் ராய்? இதற்கு அரைப் பக்கம் எழுதுங்கள், போதும். ஒரு காட்சியை முதலில் ஒலியோடும், அடுத்து ஒலியை நிறுத்தியும், மூன்றாவதாக ஷாட்டுகளை எண்ணியும் பாருங்கள்.

6. தினம் ஒரு பக்கம் எழுதுங்கள். கையால், கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றி. அசைன்மென்டை அடுத்தவர் நோட்டிலிருந்தோ செயலியிலிருந்தோ எடுக்காதீர்கள். மார்க் வரும், கை பழகாது.

7. தமிழை வாசலில் விட்டுவிட்டு வகுப்புக்குள் போகாதீர்கள். ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை மொழிபெயர்த்து 1967இல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று வெளியிட்டார். உலகம் சங்கக் கவிதையை அறிந்ததில் அந்தச் சின்னப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இடப்பக்கம் உ.வே.சா. பதிப்பு, வலப்பக்கம் ராமானுஜன் என்று வைத்துப் படியுங்கள். நம்முடைய ஒரே நீண்ட வாக்கியத்தை அவர் எங்கெங்கே உடைத்து வரியாக்குகிறார் என்று கவனியுங்கள். இரண்டு மொழியும் தெரிந்த உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது வாய்க்கும்.

8. அரியர் விழுந்தால் ஒளிக்காமல் வீட்டில் சொல்லுங்கள்.

9. வேலையைப் பற்றி இரண்டாம் ஆண்டிலேயே யோசியுங்கள். கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் அல்லது செட் தேர்வு உண்டு. பள்ளிக்கு பி.எட். வேண்டும். பதிப்பகம், விளம்பரம், மொழிபெயர்ப்பு என்று வேறு வழிகளும் இருக்கின்றன. நான் இப்போது எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வது சப்டைட்டில் வேலை. உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் படத்தில் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சப்டைட்டில் எழுதிப் பாருங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. நடிகர் வாய் மூடுவதற்குள் பார்ப்பவர் படித்து முடித்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுக் காட்சியாக இருந்தால் இன்னும் நல்லது. சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவரும் ஒரே இடத்தில் நின்று பேசுவார்கள். மூவருக்கும் ஆங்கிலத்தில் இருப்பது ஒரே சொல். என்ன செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். நேரில் வரும்போது எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.