கண்ணில் நட்ட நாற்று

செங்கல்லை அடுக்கி வைத்தால் மட்டும் சுவர் ஆகிவிடாது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கலவை வேண்டும். அடியில் அஸ்திவாரம் வேண்டும். கலவை சரியில்லை என்றால் கல் பெயரும். அஸ்திவாரம் சரியில்லை என்றால் சுவரே சாயும்.

நம் உடலும் ஒரு கட்டடம்தான். அது உயிரணுக்களால் ஆனது. உயிரணுவைச் செல் என்றும் சொல்வார்கள். செல் மிக மிகச் சிறியது. வெறும் கண்ணால் பார்க்க முடியாது. கோடி கோடியாகச் செல்கள் சேர்ந்துதான் தோல், சதை, எலும்பு, கண் எல்லாம் உண்டாகின்றன.

இந்தச் செல்கள் ஏன் உதிர்ந்து போவதில்லை? எது அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது?

மூன்று வகைப் பிடிப்பு

முதலாவது, பக்கத்துச் செல்லோடு உள்ள பிடிப்பு. ஒவ்வொரு செல்லின் வெளிப்புறத்திலும் சில புரதங்கள் கைகள் போல நீட்டிக்கொண்டிருக்கும். அவை அடுத்த செல்லின் கைகளோடு கோத்துக்கொள்ளும். சட்டையின் இரு பக்கங்களையும் பொத்தான்கள் சேர்த்துப் பிடிப்பது போல, அங்கங்கே பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட புரதங்களில் முக்கியமான ஒரு வகைக்கு 'காடெரின்' என்று பெயர். ஜப்பான் நாட்டு விஞ்ஞானி மசாதோஷி தகேய்ச்சி 1980களில் இதைக் கண்டறிந்தார். கால்சியம் இருந்தால்தான் இந்தக் கைகள் இறுகப் பிடிக்கும்.

இரண்டாவது, கசியாமல் அடைக்கும் பிடிப்பு. உடலின் சில பரப்புகளில் மேல் வரிசைச் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கும். தண்ணீரும் கிருமியும் எளிதில் உள்ளே போக முடியாது.

மூன்றாவது, அடித்தளத்தோடு உள்ள பிடிப்பு. செல்களுக்குக் கீழே மெல்லிய விரிப்பு ஒன்று உள்ளது. செல்லே அதை உண்டாக்குகிறது. அடி வரிசைச் செல்கள் அந்த விரிப்பில் கால் ஊன்றி நிற்கின்றன.

செல்லுக்கும் செங்கல்லுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சுவரிலிருந்து பெயர்ந்த செங்கல் செங்கல்லாகவே கிடக்கும். அடித்தளத்தை விட்டுப் பெயர்ந்த செல் பெரும்பாலும் இறந்துவிடும். பிடிப்பு அதற்கு வெறும் தாங்கல் மட்டும் அல்ல. 'நீ உன் இடத்தில் இருக்கிறாய், உயிரோடு இரு' என்ற செய்தியும் அதன் வழியாகவே செல்லுக்குக் கிடைக்கிறது.

பிடிப்பு விட்டால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். புதுச் செருப்பு காலைக் கடிக்கிறது. தோலின் அடுக்குகள் பிரிகின்றன. நடுவில் நீர் சேர்கிறது. அதுதான் கொப்புளம்.

கண்ணின் கண்ணாடி

கண்ணின் முன்புறம் கருவிழி இருக்கிறது. அதற்கு மேலே கண்ணாடி போல் தெளிவான ஒரு படலம் மூடியிருக்கிறது. இதைத்தான் டாக்டர்கள் கார்னியா என்கிறார்கள். இதன் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம் கொண்டது. இதில் இரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் இது தெளிவாக இருக்கிறது.

கார்னியாவின் மேல் பரப்பில் ஐந்து, ஆறு அடுக்குச் செல்கள் உள்ளன. இமை மூடித் திறக்கும்போதெல்லாம் இவை உரசப்படுகின்றன. பழைய செல்கள் உதிர்கின்றன. புதிய செல்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. ஒரு வாரம், பத்து நாளில் மேல் பரப்பு முழுவதும் புதிதாகிவிடும்.

புதிய செல்கள் எங்கிருந்து வருகின்றன? கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்திலிருந்து வருகின்றன. அந்த ஓரம் ஒரு நாற்றங்கால் போன்றது. அங்கே மூலச் செல்கள் இருக்கின்றன. அவை பெருகிப் புதிய செல்களைத் தருகின்றன. புதிய செல்கள் ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி நகர்கின்றன.

கீறல் எப்படி ஆறுகிறது?

கண்ணில் சிறு கீறல் பட்டால் பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடும். செல்லுக்குக் கால் கிடையாது. முன்பக்கம் பிடித்து, பின்பக்கத்தை விட்டு, மெல்ல ஊர்ந்து வரும். எதிரே வரும் செல்லைத் தொட்டதும் நின்றுவிடும். இரண்டும் கைகோத்துக்கொள்ளும். சிறு கீறல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மூடிவிடும்.

ஆனால் மூடுவது வேறு, ஊன்றுவது வேறு. அடித்தளத்தில் உறுதியாக ஊன்றப் பல வாரங்கள் ஆகும். கைக்குழந்தையின் நகம் பட்டோ, இலை ஓரம் கீறியோ ஏற்படும் காயம் சிலருக்கு ஆறியது போல் தெரியும். சில வாரம் கழித்துக் காலையில் கண் விழிக்கும்போது சுருக்கென்று வலிக்கும். ஊன்றாத செல்களை இமை உரித்துவிட்டது என்று பொருள். இப்படி அடிக்கடி வந்தால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாற்றங்கால் அழிந்தால்

கீறல் ஆறிவிடும். ஆனால் சுண்ணாம்பு பட்டால் கதை வேறு.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு சிறு பிளாஸ்டிக் பொட்டலங்களில் விற்கிறது. குழந்தை அதை எடுத்து அழுத்தி விளையாடும். பொட்டலம் வெடித்துச் சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கும். வெள்ளையடிக்கும்போதும், கட்டட வேலையிலும் இந்த ஆபத்து உண்டு.

சுண்ணாம்பு காரம். அது செல்லின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். கண்ணின் மேற்பரப்பு மட்டும் வெந்தால் மீண்டும் வளரும். ஓரத்தில் உள்ள நாற்றங்காலும் வெந்துவிட்டால் புதிய செல்கள் வராது. காலியான வயலில் களை மண்டுவது போல, வெள்ளைவிழியின் செல்கள் கார்னியா மேல் படர்ந்துவிடும். இரத்தக் குழாய்களும் கூடவே வரும். தெளிவு போய்விடும். பார்வை மறையும்.

இறந்தவர் தானம் செய்த கார்னியாவை இந்தக் கண்ணில் பொருத்தினாலும் பலன் நிலைக்காது. மேல் பரப்புக்குச் செல்களை அனுப்ப நாற்றங்கால் இல்லையே!

முன்பு, நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து பெரிய துண்டுகளை வெட்டி எடுத்து, கெட்ட கண்ணில் தைப்பார்கள். பலருக்குப் பலன் கிடைத்தது. ஆனால் இருக்கும் ஒரே நல்ல கண்ணுக்கும் கேடு வருமோ என்ற பயம் இருந்தது.

ஹைதராபாத்தில் நடந்த முயற்சி

ஹைதராபாத் நகரின் பஞ்சாரா ஹில்ஸ் பகுதியில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை உள்ளது. 1987ஆம் ஆண்டு டாக்டர் குல்லபள்ளி என். ராவ் இதைத் தொடங்கினார். இதற்கு நிலமும் பணமும் கொடுத்தவர் திரைப்படத் தயாரிப்பாளர் எல்.வி. பிரசாத். தமிழில் 'மனோகரா' படத்தை இயக்கியவரும் இவரே.

1997ஆம் ஆண்டு இத்தாலியில் இரண்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சிகிச்சை நடந்தது. நல்ல கண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்தார்கள். அதன் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். வளர்ந்ததைக் கெட்ட கண்ணில் வைத்தார்கள்.

ஆனால் செல்லை வளர்த்தால் மட்டும் போதாது. அது ஊன்ற ஒரு தளம் வேண்டும். அதற்கு ஒரு நல்ல பொருள் கிடைத்தது. அதுதான் பனிக்குடம்.

வயிற்றில் குழந்தை பனிக்குடத்துக்குள் வளர்கிறது. பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியோடு பனிக்குடமும் வெளியே வரும். வேண்டாம் என்று எறிந்துவிடுவோம். அதன் உட்புறச் சவ்வு மெல்லியது, தெளிவானது. அதில் இரத்தக் குழாய் இல்லை. செல்கள் ஊன்றி நிற்கத் தேவையான விரிப்பு அதில் அப்படியே இருக்கிறது. தாய்க்கு நோய்த்தொற்று இல்லை என்று சோதித்த பிறகே இதை எடுப்பார்கள். சுத்தம் செய்து, உறைய வைத்துப் பாதுகாப்பார்கள். 2000ஆம் ஆண்டு தைவான் மருத்துவர்கள் பனிக்குடச் சவ்வின் மேல் கண் செல்களை வளர்த்து ஆறு பேருக்கு வைத்தார்கள்.

ஹைதராபாத்தில் 2001ஆம் ஆண்டு இந்தச் சிகிச்சை தொடங்கியது. டாக்டர் வீரேந்தர் சங்வான், டாக்டர் கீதா வேமுகண்டி, விஞ்ஞானி டி. பாலசுப்பிரமணியன் ஆகியோர் இதில் பங்கெடுத்தார்கள். செல்களை வளர்க்க நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த நீரைச் சேர்த்தார்கள். விலங்குப் பொருள் எதையும் சேர்க்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பனிக்குடச் சவ்வின் மேல் செல்கள் கம்பளம் போல் படர்ந்தன.

பத்து ஆண்டு அனுபவத்தை 2011இல் வெளியிட்டார்கள். ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்ட 200 பேருக்கு இச்சிகிச்சை நடந்தது. அவர்களில் 142 பேருக்குக் கண்ணின் மேற்பரப்பு தெளிவாக நிலைத்தது. அதாவது நூற்றுக்கு 71 பேர்.

ஆய்வுக்கூடம் இல்லாமலே

ஆனால் செல் வளர்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு நிறையச் செலவாகும். எல்லா ஊரிலும் அதை வைக்க முடியாது. ஹைதராபாத் மருத்துவர்கள் யோசித்தார்கள். ஊன்றத் தளம் கொடுத்தால் கண்ணிலேயே செல்கள் வளராதா?

டாக்டர் சங்வானும் டாக்டர் சயன் பாசுவும் மற்றவர்களும் சேர்ந்து ஓர் எளிய முறையைக் கண்டார்கள். 2012இல் அதை வெளியிட்டார்கள். அது நடவு போன்றது.

முதலில் கெட்ட கண்ணில் படர்ந்த சதையை நீக்குகிறார்கள். இது களையெடுப்பது போல. பிறகு பனிக்குடச் சவ்வை விரித்து ஒட்டுகிறார்கள். நல்ல கண்ணின் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு துண்டை எடுக்கிறார்கள். அதை எட்டு, பத்துத் துணுக்குகளாக வெட்டுகிறார்கள். பார்வைக்கான நடுப்பகுதியை விட்டுவிட்டு, அதைச் சுற்றி நாற்று நடுவது போல அந்தத் துணுக்குகளை வைக்கிறார்கள்.

துணுக்குகளைத் தைப்பதில்லை. ஃபைப்ரின் என்ற பசையால் ஒட்டுகிறார்கள். நம் உடலில் காயம் பட்டால் இரத்தம் உறைகிறது அல்லவா? அப்போது இரத்தத்தில் உண்டாகும் பொருள்தான் ஃபைப்ரின். இந்தப் பசை தற்காலிகப் பிடிப்புதான். அது கரைவதற்குள் செல்கள் தாமே ஊன்றிக்கொள்கின்றன. துணுக்குகளிலிருந்து ஊர்ந்து வந்து, ஒன்றையொன்று தொட்டு, கைகோத்து, பரப்பை மூடுகின்றன. எல்லாம் ஒரே அறுவைச் சிகிச்சையில் முடிகிறது.

2016இல் 125 பேரின் விவரம் வெளியானது. அவர்களில் 60 பேர் குழந்தைகள். மொத்தம் 95 பேருக்குக் கண்ணின் மேற்பரப்பு நல்லபடியாக நிலைத்தது. அதாவது நூற்றுக்கு 76 பேர்.

இந்தச் சிகிச்சை எல்லாருக்கும் பொருந்தாது. காயத்தின் சிவப்பும் வீக்கமும் அடங்கிய பிறகே செய்ய முடியும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். இரண்டு கண்ணும் வெந்துவிட்டால் நாற்று எடுக்கச் சொந்தக் கண் இல்லை. உறவினரிடமிருந்தோ இறந்தவரிடமிருந்தோ எடுக்க வேண்டும். அப்போது உடல் அதை ஏற்க, நெடுநாள் மருந்து சாப்பிட வேண்டும்.

முதலில் தண்ணீர்

எந்தச் சிகிச்சையையும் விட, நாற்றங்காலைக் காப்பாற்றுவதே மேல். அது முதல் சில நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்கிறது. கண்ணில் சுண்ணாம்பு, ஆசிட் போன்றவை பட்டால்:

• உடனே கண்ணைத் திறந்து பிடித்து, சுத்தமான தண்ணீரை ஊற்ற வேண்டும். குழாயடி, குடம், செம்பு, எது கிடைத்தாலும் சரி.
• பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்க்க வேண்டும். அழுக்கு நீர் நல்ல கண்ணுக்குள் போகக் கூடாது.
• கால் மணி முதல் அரை மணி நேரம் வரை விடாமல் கழுவ வேண்டும்.
• இமைக்கு அடியில் சுண்ணாம்புக் கட்டி ஒட்டியிருக்கலாம். தெரிந்தால் ஈரத் துணியின் முனையால் மெதுவாக எடுக்க வேண்டும்.
• கண்ணைத் தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், எண்ணெய், நெய், இலைச்சாறு எதுவும் விடக் கூடாது.
• கழுவிய பிறகு தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பட்ட பொருளின் பொட்டலத்தையும் எடுத்துச் செல்வது நல்லது.

சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வெள்ளையடிக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும்.

படித்ததைச் சொல்லுங்கள்

1. செல்லுக்கு உள்ள மூன்று வகைப் பிடிப்புகள் யாவை?
2. கண்ணில் நாற்றங்கால் போன்ற இடம் எது?
3. பனிக்குடச் சவ்வு கண் சிகிச்சைக்கு ஏன் பயன்படுகிறது?
4. உங்கள் வீட்டில் சுண்ணாம்பும் ஆசிட்டும் எங்கே இருக்கின்றன? குழந்தையின் கை அங்கே எட்டுமா?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் உடனே ________ ஊற்றிக் கழுவ வேண்டும்.
2. அடித்தளத்தை விட்டுப் பெயர்ந்த செல் பெரும்பாலும் ________.