மீட்பிலிருந்து தொடங்குக: லினக்ஸ் கணினிகளுக்கான காப்புப் பிரதி மென்பொருள்

சித்தூரிலோ திருப்பதியிலோ ஓர் அச்சகத்தையோ, பள்ளிக்கூட அலுவலகத்தையோ, மாம்பழக் கூழ் ஆலையின் கணக்குப் பிரிவையோ உபுண்டு, டெபியன் போன்ற கட்டற்ற இயங்குதளங்களைக் கொண்டு நடத்திவருகிற ஒருவர், தம்முடைய கோப்புகளுக்குக் காப்புப் பிரதி எடுக்க எந்த மென்பொருள் உத்தமம் என்று கேட்பாராயின், அவரை நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நாளைக்கே இந்தக் கணினி அடியோடு பழுதாகி, நீங்களும் ஊரில் இல்லாமற்போனால், வேறொரு கணினியில் அந்தக் கோப்புகளை மீட்டெடுக்கப் போகிறவர் யார், அதற்கு அவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதற்கு நேரான விடை கிடைத்துவிட்டால் தேர்வு பெரும்பாலும் முடிந்தாற்போலத்தான். வசதிகளின் ஜாபிதாவை ஒப்பிட்டுப் பார்த்து மென்பொருளைத் தேர்கிறவர்கள் பிரதி எடுப்பதைப் பற்றியே யோசிக்கிறார்கள். மீட்பதைப் பற்றி யோசிக்கிறவர்கள் அபூர்வம்.

இந்த வேற்றுமை எவ்வளவு பெரியது என்பதற்குத் திருமலையிலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) பாடிய சங்கீர்த்தனங்களை, அவருடைய மகன் பெத்த திருமலாச்சாரியார் காலத்தில் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலுக்குள்ளே சங்கீர்த்தன பண்டாரம் என்னும் சிற்றறையில் பத்திரப்படுத்தினார்கள். செம்பு தன் கடமையைச் செய்தது. ஆனால் அந்த அறையைப் பற்றிய ஞாபகம் ஜனங்களிடமிருந்து நழுவிப்போய், ஏடுகள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தன. 32,000 என்று பாரம்பரியம் சொல்லும் கீர்த்தனங்களில் ஏறத்தாழ 12,000தான் கிடைத்தன; அவற்றிலும் ராகத்தின் பெயர் இருந்ததே தவிர ஸ்வரக் குறிப்பு இல்லாமையால், ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற வித்வான்கள் புதிதாக மெட்டமைக்க வேண்டியதாயிற்று. அழியாத உலோகத்தில், பாதுகாப்பான இடத்தில் வைத்த பிரதியும், முழுமையாக எடுக்கப்படாமலும் இருக்குமிடம் பிறருக்குத் தெரியாமலும் போனால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆகையால் முதற்காரியம், எதையெல்லாம் காக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது. ஆவணங்களையும் புகைப்படங்களையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். மெட்டுக்குச் சமானமானவைதாம் விட்டுப்போகும். தமிழும் தெலுங்கும் அச்சிடுகிற ஓர் அச்சகத்தில், யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களால் கோக்கப்பட்ட பழைய புத்தகங்கள் இருக்குமானால், அந்த எழுத்துருக் கோப்புகளும் கூடவே காக்கப்பட்டாலன்றி, மீண்டு வருவது படிக்கவொண்ணாத குறிகளின் குவியலாகவே இருக்கும். கணக்கு மென்பொருள் போஸ்ட்கிரஸ் அல்லது மரியாடிபி தரவுத்தளத்தில் இயங்குமானால், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பது அபாயம். ஒரு கோப்பு பத்து மணியின் நிலையிலும் இன்னொன்று பத்தேகாலின் நிலையிலும் பதிந்து, சேர்த்துவைத்தால் ஒன்றோடொன்று பொருந்தாமற்போகலாம். அந்தந்தத் தரவுத்தளத்துக்கு உரிய ‘டம்ப்’ கருவியால் முதலில் ஒரு கோப்பாக இறக்கிவிட்டு, அதன்பின் அந்தக் கோப்பைக் காப்புக்கு அனுப்ப வேண்டும். அமைப்புகள் உறையும் ‘ஈடிசி’ அடைவையும், நிறுவப்பட்ட பொதிகளின் பட்டியலையும் இந்த ஜாபிதாவில் சேர்த்துக்கொள்க.

அடுத்து, எவ்வளவு பின்னோக்கிச் செல்ல வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். நேற்று மாலை வரையிலான வேலை இருந்தால் போதுமா, ஒரு மணி நேர வேலைகூடப் போகக்கூடாதா? மூன்று மாதத்துக்கு முன் கெட்டுப்போன கோப்பை இன்றைக்குத்தான் கவனிக்கிறோம் என்றால் பழைய பிரதி வேண்டுமல்லவா? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒரே தரவை இரண்டு வட்டுகளிலும் எழுதும் ரெய்டு, ஒரு வட்டு கெட்டால் காக்கும். கைதவறி அழித்ததை இரண்டிலும் ஒருங்கே அழித்துவிடும். ஆர்சிங்க் என்னும் அருமையான கருவியை ‘டிலீட்’ விருப்பத்தோடு இரவுதோறும் ஓட்டுகிறவருக்கும் இதே கதிதான்: மூலத்தில் நேர்ந்த பிழை மறுநாள் காலைக்குள் பிரதிக்கும் வந்துசேரும். தேதிவாரியாகப் பழைய நிலைகளைப் பேணாத எதையும் காப்பு என்று நான் ஒப்புவதில்லை.

மூன்றாவது, இடம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்ற விதி பலரும் அறிந்ததே. 2021 நவம்பரில் திருப்பதியில் பெருமழையால் தெருக்கள் ஆறாக ஓடியதைக் கண்டவர்களுக்கு, கணினிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்த வட்டு எத்தகைய பாதுகாப்பு என்று விளக்க வேண்டியதில்லை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இரு ஊர்களிலும் பந்துக்கள் உள்ள குடும்பங்கள் ஏராளம். இரண்டு வட்டுகளை வாங்கி, போக்குவரத்தில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது செலவு குறைந்த உபாயம். ஆனால் அந்த மழை சித்தூர்ப் பக்கத்தையும் விடவில்லையாதலால், தொலைவில் உள்ள இணையச் சேமிப்பகத்தில் இன்னொரு பிரதி இருப்பது நலம். 500 ஜிகாபைட்டை நொடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 28 மணி நேரம் தடையின்றி ஓட வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டு, முதலில் வட்டிலும், பிறகு இணையத்திலும் எடுக்கத் திட்டமிடுக.

இடத்தைப் பற்றிய இன்னொரு விஷயம். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்னும் பணப்பறிப்பு நச்சுநிரல், சித்தூர் உள்ளிட்ட சில மாவட்டங்களில் ஆந்திரக் காவல் துறையின் கணினிகளையும் பீடித்தது. அது விண்டோஸைத் தாக்கியது என்று லினக்ஸ்காரர்கள் நிம்மதி கொள்வதற்கில்லை. கணினி தன் காப்பு வட்டில் எழுதவும் அழிக்கவும் அதிகாரம் பெற்றிருக்கும் வரை, அக்கணினிக்குள் புகுந்தவனுக்கும் அந்த அதிகாரம் உண்டு. வட்டைக் கழற்றிவைத்தல், அல்லது சேர்க்க மட்டும் அனுமதித்து அழிக்க அனுமதிக்காத சேமிப்பகத்தை அமைத்தல் ஆகிய இரண்டில் ஒன்றேனும் அவசியம்.

இவ்வளவும் எழுதிக்கொண்ட பிறகே மென்பொருளின் பக்கம் திரும்பலாம். தொழில்நுட்பம் அறிந்த ஆள் இல்லாத அலுவலகத்துக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது ‘பேக் இன் டைம்’. ஆர்சிங்கைக் கொண்டு தேதிவாரியாக அடைவுகளை உண்டாக்கி, மாறாத கோப்புகளை வன்பிணைப்பால் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொரு நாளின் நிலையும் சாதாரண அடைவாகவே கண்ணுக்குத் தெரியும். மீட்பதற்கு அந்த மென்பொருள்கூட வேண்டாம், எந்த லினக்ஸ் கணினியில் வட்டைச் செருகினாலும் திறந்து எடுத்துக்கொள்ளலாம். வட்டை ஈஎக்ஸ்டி4 வடிவத்தில் அமைக்க வேண்டும். எக்ஸ்ஃபேட்டில் கோப்புகளின் உரிமை விவரங்களும் நிற்கா, வன்பிணைப்பும் நடவாது. திருட்டுக்கு அஞ்சுகிறவர்கள் வட்டு முழுவதையும் லக்ஸ் முறையில் மறையாக்கம் செய்துகொள்ளட்டும்.

இணையத்துக்கும் அனுப்ப வேண்டும், மறையாக்கமும் தானாக நடக்க வேண்டும் என்பவருக்கு ரெஸ்டிக் அல்லது போர்க். இரண்டும் கோப்பைத் துண்டங்களாக்கி, ஒரே துண்டத்தை இருமுறை சேமிக்காமல் இடத்தை மிச்சப்படுத்துகின்றன. இரண்டிலும் பழைய நிலையை ஓர் அடைவுபோல ஏற்றிப் பார்க்கலாம். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை சேர்ந்த துண்டங்களை அடுத்த ஓட்டம் பயன்படுத்திக்கொள்ளும். போர்க் பொதுவாக மறுமுனையிலும் போர்க் நிறுவப்பட்ட சேவையகத்தை எதிர்பார்க்கும்; ரெஸ்டிக் ஒரே நிரல் கோப்பாக வந்து, எஸ்3 வகைச் சேமிப்பகம், எஸ்எஃப்டிபி எனப் பலவற்றோடும் நேரே பேசும், விண்டோஸிலும் ஓடும். அலுவலகத்தில் ஒன்றிரண்டு விண்டோஸ் கணினிகளும் இருப்பது நம் ஊர்களில் சகஜமாதலால், சந்தேகமுள்ள இடத்தில் ரெஸ்டிக்கையே நான் தேர்வேன். கட்டளை வரி பழக்கமில்லாதவர் போர்க்கை வோர்ட்டா, பீக்கா ஆகிய முகப்புகளின் வழியே இயக்கலாம். கணினிகள் பல இருந்தால் அர்பேக்கப் பார்க்கத்தக்கது. பேக்குலா பெரிய நிறுவனங்களுக்கு உரியது, அதற்கென்றே ஒருவர் இல்லாத இடத்தில் வைத்தால் பாரமாகிவிடும். டைம்ஷிஃப்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அது இயங்குதளத்தை முன்னைய நிலைக்குத் திருப்புவதற்கு ஏற்பட்டது; பயனரின் இல்ல அடைவை அதன் இயல்பான அமைப்பு சேர்ப்பதே இல்லை.

ரெஸ்டிக்கானாலும் மறையாக்கிய போர்க்கானாலும் கடவுச்சொல் தொலைந்தால் தரவும் தொலைந்தது. யாராலும் மீட்க முடியாது. எனவே கடவுச்சொல்லையும், சேமிப்பகத்தின் முகவரியையும், மீட்கும் கட்டளைகளையும் தாளில் எழுதி, உறையிலிட்டு, நம்பகமான இரண்டாமவரிடம் ஒப்படைக்க வேண்டும். போர்க்கின் திறவுகோலை ஏற்றுமதி செய்து அச்சிடும் வசதியும் உண்டு.

பிறகு பரீட்சை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்தபோது, அவர்கள் நம்பியிருந்த தினசரிக் காப்பு, பதிப்புப் பொருந்தாத டம்ப் கருவியால் தோற்றுக்கொண்டிருந்ததும், தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டுவந்ததும் அன்றைக்கே தெரியவந்தன. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்த ஒரு நிலைப்படம் இருந்ததனாலேயே, அந்த ஆறு மணி நேரத்து மாற்றங்கள் போக மற்றவை பிழைத்தன. அத்தனை நிபுணர்கள் இருந்த இடத்திலேயே இது நேர்ந்ததாகையால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அந்த உறையை வைத்திருக்கும் இரண்டாமவரையே அழைத்து, காலியான வேறொரு கணினியில், தாளில் உள்ளதை மட்டும் பார்த்து, ஒரு தமிழ்ப் பெயருள்ள கோப்பையும், ஓர் அடைவு முழுவதையும், தரவுத்தளத்தையும் மீட்கச் சொல்ல வேண்டும். நீங்கள் அருகில் உட்காரலாம், வாய்திறக்கக் கூடாது. அவர் தடுமாறும் இடத்தைத் தாளில் திருத்துக. அடிக்கடி தடுமாறினால் அந்த மென்பொருள் உங்கள் அலுவலகத்துக்கு ஏற்றதன்று.

நேர ஒழுங்கைப் பொறுத்தவரை, மாலையில் கணினிகளை அணைத்துவிட்டுச் செல்லும் அலுவலகத்தில் கிரான் என்னும் நேர ஒழுங்குக் கருவியில் நள்ளிரவுக்கு ஓட்டம் வைத்தால் பிரதி ஒருநாளும் எடுக்கப்படாது. தவறிய ஓட்டத்தை அடுத்த துவக்கத்தில் நிறைவேற்றும் சிஸ்டம்டி டைமரையோ அனக்கிரானையோ கொள்க. என்றேனும் ஒரு மென்பொருளை விட்டு வேறொன்றுக்கு மாற நேர்ந்தால், பழைய சேமிப்பகத்தை உடனே அழிக்காமல், நீங்கள் குறித்துவைத்த காலவரை முடியும் மட்டும், அதைத் திறக்கவல்ல நிரலின் அந்தப் பதிப்போடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.