கான்ட்ராக்டருக்குக் கொடுக்க வேண்டிய தகவல்கள்

வீட்டு வேலை தேங்கினால் முதலில் திட்டு வாங்குபவர் கான்ட்ராக்டர். பல இடங்களில் அவர் கையில் இருப்பதோ அனுமதிக்காகப் போட்ட பிளானின் நகல் மட்டும்தான். அதில் கம்பி விவரம் இருக்காது, பைப் போகும் வழியும் இருக்காது. அவர் ஊகித்துக் கட்டுவார், நாம் இடிக்கச் சொல்வோம். கூலியும் நாட்களும் வீணாகும்.

சரியான தகவல் கொடுப்பதை ரேட் பேசும் முன்பே தொடங்குங்கள். சதுர அடி ரேட்டில் சம்ப், செப்டிக் டேங்க், கைப்பிடிச்சுவர், போர்டிகோ இவற்றில் எவை அடங்கும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 'தரமான கான்கிரீட்' என்று எழுதுவதில் பயனில்லை. எம் 20 என்று எழுதுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456:2000 சொல்லும் குறைந்தபட்சத் தரம் அது. தூணுக்கு 40 மி.மீ., அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. என்று கவர் அளவும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) வரைபடத்தில் இருக்கட்டும்.

அதிகம் குழப்புவது மட்டம். 'லிண்டல் 7 அடியில்' என்கிறோம். எங்கிருந்து 7 அடி? டைல்ஸும் அதன் அடியில் போடும் கலவையும் சேர்ந்து இரண்டு மூன்று அங்குலம் வரும். மேஸ்திரி கீழே போட்ட கான்கிரீட்டிலிருந்து அளந்திருந்தால் வாசல் உயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். செய்து வைத்த நிலை உள்ளே நுழையாது. அதனால் டைல்ஸ் போட்டு முடிந்த தரை எங்கே வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு 3 அடி மேலே எல்லாத் தூண்களிலும் டியூப் லெவல் வைத்துக் கோடு போடச் சொல்லி, எல்லா உயரத்தையும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்கச் சொல்லுங்கள். அறை அகலத்திலும் இதே சிக்கல் உண்டு. இரு பக்கமும் 12 மி.மீ. பூசினால் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் போய்விடும். வரைபடத்திலுள்ள அளவு பூச்சுக்கு முன்பா, பின்பா என்று குறித்துவிடுங்கள்.

வாஸ்து மாற்றங்களை அஸ்திவாரம் தோண்டும் முன்பே முடித்துவிடுங்கள். அதன் பிறகு ஏதாவது மாறினால் புதிய வரைபடத்தில் தேதியும் எண்ணும் போட்டு, பழைய தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கம்பி கட்டுபவர் பழைய தாளையும் சென்ட்ரிங்காரர் புதிய தாளையும் வைத்திருந்தால் தவறு நிச்சயம். மாமனார் ஒன்று, மாப்பிள்ளை ஒன்று என்று ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பக் கூடாது. வீட்டிலிருந்து ஒருவர் மட்டுமே பேச வேண்டும், பேசியதை அன்றே எழுத்தில் அனுப்பவும் வேண்டும்.

தளம் போடுவதற்கு முந்தைய நாள் எலக்ட்ரீஷியன், பிளம்பர், என்ஜினியர் மூவரும் சேர்ந்து பார்க்கட்டும். ஃபேன் பாக்ஸ், பைப் துளை விட்டுப்போய்ப் பிறகு உளியால் உடைத்தால் கம்பி பாழாகும்.

வேலை நடக்கும் இடத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கான்ட்ராக்டர் சந்தேகத்தை எழுதட்டும், நீங்கள் தேதி போட்டுப் பதில் எழுதுங்கள். அவர் கேட்கும் வரை காத்திராமல், குளியலறைச் சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டரின் மாடலைப் பைப் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பைப் முனைகளின் இடைவெளி அதைப் பொறுத்தது.

அடுத்த முறை அங்கே போகும்போது, 'எப்போ முடியும்?' என்பதற்கு முன்னால் 'எந்த விவரம் இன்னும் வரலை?' என்று அவரிடம் கேளுங்கள்.